பூட்டும் சாவியும்: உடைமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

விலை கொடுத்து வாங்கிய பொருளொன்றின்மீது வாங்கியவனுக்குள்ள உரிமை எத்தகையது? அதனைப் பயன்படுத்துவதோடு அவ்வுரிமை முடிந்துவிடுகின்றதா? அன்றி, அதனைத் திறந்து பார்க்கவும் மாற்றியமைக்கவும் அழிக்கவும்கூட அவ்வுரிமை இடமளிக்கின்றதா? உடைமை பற்றிய இவ்வினா தத்துவத்துறையில் மிகப் பழமையானது. ஆயின், மின்னணுக் கருவிகள் வீடுகளில் இடம்பெற்ற பின்னர் இது புதியதொரு கோலத்தில் எழுந்துள்ளது. பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளை வீட்டிலேயே திறந்து தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைப்போரின் செயல், மேலோட்டமாக நோக்குமிடத்துப் பொழுதுபோக்காகவே தோன்றும். எனினும் மேற்கூறிய வினாவை இதனைவிடத் தெளிவாக முன்வைக்கும் எடுத்துக்காட்டுகள் சிலவே.

யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983ஆம் ஆண்டில் 'பமிகொம்' என்னும் விளையாட்டுக் கருவியைத் தன் நாட்டில் வெளியிட்டது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை பெருஞ் சரிவுக்குட்பட்டது. தரங்குன்றிய விளையாட்டுகள் கட்டுப்பாடின்றிப் பெருகியமை அச்சரிவிற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். 1985இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்தபோது, நின்டெண்டோ தன் கருவிக்குப் புதிய உருவமும் பெயரும் வழங்கியதோடு, பமிகொமில் இல்லாத ஒன்றையும் சேர்த்தது. கருவியினுள் ஒரு சிப்பும், ஒவ்வொரு விளையாட்டுப் பேழையினுள்ளும் அதற்கு இணையான மற்றொரு சிப்பும் வைக்கப்பட்டன. முன்னது பூட்டு, பின்னது சாவி. மின்சாரம் பாய்ந்ததும் இரண்டும் தம்முள் குறிகளைப் பரிமாறிக்கொள்ளும். அவை ஒத்துவராவிடில் பூட்டானது கருவியை மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்குத் தள்ளும்; திரை ஒளிர்வதும் அணைவதுமாக இருக்கும். நிறுவனத்தின் அனுமதி பெறாத எவரும் விளையாட்டுகளைத் தயாரித்து விற்றல் கூடாது என்பதே இதன் நோக்கமாகும்.

ஆனால் அப்பூட்டு முறையாக வாங்கியோரையும் வருத்தியது. பேழையைப் பற்றிக்கொள்ளும் எழுபத்திரண்டு தொடுமுனைகளும் காலப்போக்கில் தளர்ந்தன, அழுக்கும் படிந்தது. குறிப்பரிமாற்றம் தடைப்படவே, உண்மையான பேழையையும் கருவி ஏற்க மறுத்தது. இதற்குப் பரிகாரம் தேடியோர் வியப்பிற்குரிய ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். கருவியிலுள்ள சிப்பின் நான்காவது காலினைச் சுற்றுப்பலகையிலிருந்து பிரித்துவிட்டால், அது பூட்டாகத் தொழிற்படுவதை விடுத்துத் தன்னைச் சாவியெனக் கொள்கின்றது. அதன்பின் கருவி எப்பேழையையும் தடுப்பதில்லை.

இச்செயல் நேரியதா? ஆக்கியோனின் பக்கத்து வாதம் உழைப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒருவன் தன் உழைப்பைப் பொருளோடு கலப்பதனால் அதற்கு உரியவனாகின்றான் என ஜோன் லொக் கூறினார். வடிவமைத்தோரின் உழைப்பும் எண்ணமும் கருவியிற் கலந்துள்ளன என்பது உண்மையே. ஆயின் அவ்வுழைப்பின் பெறுமதி விற்பனையின்போதே கொடுக்கப்பட்டுவிட்டது. விளையாட்டின் போக்கை மாற்றும் 'கேம் ஜீனி' என்னும் துணைக்கருவி தொடர்பாக நின்டெண்டோவுக்கும் கலூப் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், 1992இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கமே தீர்ப்பளித்தது. 2005இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 'பிளேஸ்ரேஷன்' கருவியிற் பொருத்தப்படும் மாற்றுச் சிப் தொடர்பான வழக்கில் சொனி நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. பின்னர் அந்நாட்டின் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இவ்வாறு மாறுந் தன்மையது. ஆதலின் அறத்தீர்ப்பை அதனிடம் முற்றாக ஒப்படைத்தல் இயலாது. பிறர் படைத்த விளையாட்டை விலையின்றிப் படியெடுப்பது தவறு. ஆனால் அது வேறொரு செயல். காலொன்றைப் பிரிப்பவன் ஆக்கியோனிடமிருந்து எதனையும் எடுத்துக்கொள்வதில்லை. தன் வீட்டிலிருந்து பிறரின் காவலாளியை வெளியேற்றுகின்றான், அவ்வளவே.

எனினும் ஆக்கியோனின் கோரிக்கை வீழ்ந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதெனக் கொள்ளல் பொருந்தாது. இக்கருவி ஏறக்குறைய 6.19 கோடி எண்ணிக்கையில் உலகெங்கும் விற்பனையாயிற்று. அமெரிக்காவில் 1995இலும் யப்பானில் 2003இலும் அதன் உற்பத்தி நின்றது. 2007இல் யப்பானில் பமிகொமைப் பழுதுபார்க்கும் பணியையும் நிறுவனம் கைவிட்டது. இன்றைய தொலைக்காட்சியில் தெளிவான படத்தைப் பெற விரும்புவோர், படத்தை உருவாக்கும் நாற்பது கால்களையுடைய சிப்பைப் பற்றாசு உருக்கிக் கழற்றி, இடைப்பலகையொன்றின்மீது பொருத்துவர். வெப்பம் மிகுந்தால் சிப் பழுதாகும். பலகையின் செப்புத்தடமும் உரிந்துவிடும். அதே சிப் இன்று உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஒரு கருவியைப் பிழைக்கவைக்க மற்றொரு கருவியைச் சிதைக்கவேண்டிய நிலை இதனால் ஏற்படுகின்றது. ஏனையோருக்குப் போதியளவு எஞ்சவேண்டும் என்றும், எப்பொருளும் வீணடிப்பதற்குரியதன்று என்றும் உடைமைக்கு எல்லை வகுத்தவர் அதே லொக் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் பழைய கருவிகளைத் தொடாதிருத்தலே அறமாகுமா? அதுவுமன்று. தொடாது வைத்த கருவியிலும் கொள்ளளவிகள் உலர்ந்து போகின்றன. பேணப்படாத பொருள் தானே அழிகின்றது. தீசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை நீக்கி ஏதென்சு மக்கள் புதியன பொருத்தினர் என்றும், அது அதே கப்பல்தானா எனத் தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். பலகை மாற்றாதிருந்தால் வாதிடுவதற்குக் கப்பலே எஞ்சியிராது. விளையாடப்படுவதற்கென ஆக்கப்பட்ட கருவியை விளையாடத்தக்க நிலையில் வைத்திருத்தலும் ஒருவகைப் பேணலே.

ஆகவே மாற்றுவதா, விடுவதா என்பதன்று வினா. எவ்வாறு மாற்றுவது என்பதே வினாவாகும். நான்காவது காலைக் குறட்டினால் வெட்டியெறியலாம்; பற்றாசை உருக்கி மெல்ல உயர்த்தியும் விடலாம். இன்று விளையாடுபவனுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் உயர்த்திய காலை நாளை மீண்டும் இறக்கலாம். வெட்டியெறிந்த காலுக்கு மீட்சியில்லை. நிறுவனத்தின் பூட்டு ஏன் வெறுக்கப்பட்டது? முன்னொருவன் செய்த முடிவு, பின்னர் அப்பொருளைக் கையாளுபவனைக் கட்டிப்போட்டது என்பதனாலன்றோ? மீளமுடியாத மாற்றத்தைத் தேவையின்றிச் செய்பவனும் தனக்குப்பின் அதனைப் பெறுபவனைக் கட்டிப்போடுகின்றான். தான் கோரிய சுதந்திரத்தை அடுத்தவனுக்கு மறுக்கும் அவன், அறியாமலே புதியதொரு பூட்டை ஆக்கிவிடுகின்றான். செய்த மாற்றத்தை மறைத்து விற்பவனின் குற்றமும் இத்தகையதே. வாங்குபவன் தெரிந்து தீர்மானிப்பதை அவன் தடுக்கின்றான்.

இவ்வளவுகோல் எல்லா வேளையிலும் எளிதன்று. மேலுறையைத் துளையிடாமற் சில மாற்றங்களைச் செய்தல் இயலாது. முற்றாகப் பழுதான கருவியின் உறுப்புகள் பிறிதொன்றை வாழ்விக்குமாயின், அதனைப் பிரித்தலிற் குற்றமுமில்லை. ஆயினும் ஐயமுற்றவிடத்து, பின்வருபவன் திருத்தத்தக்கவாறு செயற்படுதல் நன்று. பொருளை உடையவன் அதன் இறுதி உடைமையாளன் அல்லன். இவ்வுண்மையை உணர்ந்து பற்றாசுக்கோலை ஏந்துபவனே பொருளுக்கு உரியவனாகவும் அதன் காவலனாகவும் ஒருங்கே விளங்குகின்றான்.