கோணல் வேறு, உளுத்தல் வேறு

ஒரு வீட்டைக் காட்டுகிறேன். பார்த்ததும், 'இதை எப்போ இடிக்கப் போறாங்க?' என்றுதான் கேட்பீர்கள்.

இங்கிலாந்தில் செஷயர் என்ற பகுதி. அங்கே காங்கிள்டன் என்ற ஊருக்கு நாலு மைல் தள்ளி நிற்கிறது, லிட்டில் மோர்ட்டன் ஹால். சுற்றிலும் அகழி. நடுவில் கறுப்பு மரச் சட்டங்களும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு பழைய வீடு. தெற்குப் பக்கம் மூன்று அடுக்கு. அந்த அடுக்குகள்தான் வேடிக்கை. சுவர் பிதுங்குகிறது, தரை தொய்கிறது, ஜன்னல் வரிசை அலை மாதிரி நெளிகிறது. மட்டப் பலகைக்கு அங்கே வேலையே கிடையாது.

1504-ஐ ஒட்டி வில்லியம் மோர்ட்டன் என்ற நிலச்சுவான்தார் ஆரம்பித்த வீடு. அவருடைய வாரிசுகள் ஏறக்குறைய 1610 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த மாதிரி வீடுகளில் சுவர் எதையும் தாங்குவதில்லை. தாங்குவதெல்லாம் ஓக் மரச் சட்டங்கள். நடுவில் இருப்பது வெறும் அடைசல். பின்னிய குச்சிகள் மேல் அப்பிய மண். ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றின் நுனியில் அதற்குள் நுழைகிற நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குத்திய ஒரு மர முளை. அவ்வளவுதான் மூட்டு. அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தைக் காயப் போடாமல் பச்சையாகவே இழைப்பார்கள். காய்ந்துவிட்டால் ஓக்கில் உளி இறங்காது. வீடு நின்ற பிறகுதான் மரம் காயும். காயும்போது முறுக்கும், வளையும். அது தச்சருக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டினார்.

தெரியாமல் நடந்தது வேறொன்று.

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு ஆசை பிடித்தது. மழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே உலாவ, விளையாட, நீளமாக ஒரு கூடம் வேண்டும். மோர்ட்டன் வீட்டிலும் இரண்டு அடுக்குக்கு மேல் மூன்றாவதாக ஒன்றை ஏற்றினார்கள். 68 அடி நீளம். கூரைக்கு ஓடு அல்ல, கனத்த கல் பலகைகள். கீழே இருந்த சட்டங்கள் முனகின, பிதுங்கின, வளைந்தன.

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தக் கூடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு சுதைச் சிற்பங்கள். ஒரு முனையில் சக்கரத்தோடு அதிர்ஷ்ட தேவதை. அந்தச் சக்கரத்தை ஆள்வது அறியாமையாம். மறு முனையில் கோளத்தோடு விதி தேவதை; அந்தக் கோளத்தை ஆள்வது அறிவாம். ராபர்ட் ரெக்கார்ட் 1556-ல் எழுதிய வானவியல் புத்தகத்திலிருந்து எடுத்தது. கணக்கில் நாம் போடுகிறோமே சமக்குறி, அதை அடுத்த வருஷம் அறிமுகப்படுத்திய அதே ரெக்கார்ட்! அறிவே ஆளும் என்று எழுதி வைத்த கூடத்துக்குத்தான் பாரக் கணக்கு தப்பியது.

அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. மோர்ட்டன்கள் அரசர் கட்சி. சுற்றியிருந்தவர்கள் பார்லிமென்ட் கட்சி. 1643-ல் வீட்டைப் பிடுங்கிச் சிப்பாய்களைக் குடிவைத்தார்கள். வீடு திரும்பி வந்தது, பணம் வரவில்லை. கடனில் முழுகிய குடும்பம், வீட்டை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியேறியது. வீட்டு தேவாலயத்தில் கரி கொட்டி வைத்தார்கள். கையில் காசு இருந்திருந்தால் இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டியிருப்பார்கள். ஏழ்மை காப்பாற்றியது.

1892-ல் வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரியின் கைக்கு வந்தது. கிட்டத்தட்டப் பாழ். தேவாலயத்தைச் சீராக்கினார். 1912-ல் உறவினரான ஒரு பிஷப்புக்கு எழுதி வைத்தபோது, 'விற்கக் கூடாது' என்று நிபந்தனை போட்டார். 1938-ல் அது நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது. மேல் கூடம் சரியாமல் இருக்க எஃகுக் கம்பிகள் கொடுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கவனியுங்கள். பிடித்து நிறுத்தினார்கள், நிமிர்த்தவில்லை.

நிமிர்த்தினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். காமர்ஸ் படித்த எனக்கும் தோன்றியது. வருஷா வருஷம் தேய்மானம் எழுதியே பழகிய புத்தி. ஆனால் வளைந்தபடியே காய்ந்து இறுகிய ஓக்கைப் பலவந்தமாக நேராக்கினால் மூட்டுகள் பிளக்கும். அதனால் மர வேலை தெரிந்தவர்கள் முதலில் கோணலைப் பார்ப்பதில்லை. பாரம் இன்னும் ஒழுங்காகத் தரைக்கு இறங்குகிறதா, ஈரம் ஏறிய அடிக்கட்டை உளுத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்துவிட்டுப் புது ஓக் சேர்ப்பார்கள். கோணலைத் தொட மாட்டார்கள்.

மனுஷங்களுக்கும் இதுதானே? நம்மோடு இருப்பவர்கள் எல்லோரும் எதையோ சுமந்து எப்படியோ வளைந்தவர்கள்தான். அவர்களை நேராக்குவது நம் கடமையா? 'அவர் அப்படித்தான்' என்று விட்டுவிடுவது பெருந்தன்மையா, சோம்பேறித்தனமா?

என் அப்பா ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து அணைப்பார். ஆள் இருந்தாலும் சில சமயம் அணைப்பார். குறைந்த சம்பளத்தில் ஐந்து பேரைக் கரையேற்றியவர். எத்தனையோ மாதக் கடைசிகள் அவர் மேல் ஏறி உட்கார்ந்த பாரம் அது. பத்து வருஷம் அவரோடு சண்டை போட்டேன். 'கரன்ட் பில் நான்தானே கட்டறேன், உங்களுக்கென்ன?' அவர் கோணலை நிமிர்த்துவதில் அத்தனை மும்முரம். பிறகு அலுத்துப்போய், 'எப்படியோ போங்க' என்று விட்டும் விட்டேன்.

இரண்டிலும் ஒன்றைப் பார்க்கத் தவறினேன். காசு மிச்சம் பிடிக்க, பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்திருந்தார். ஒரு விடியற்காலை வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. லைட்டை அணைத்தது கோணல். மாத்திரையை விட்டது உளுத்தல். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிழைத்துக்கொண்டார். இப்போதும் அறை அறையாகப் போய் லைட்டை அணைக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. இருட்டில் உட்கார்ந்து பழகிவிட்டது. அவர் தூங்கிய பிறகு மாத்திரை அட்டையை எடுத்து மட்டும் எண்ணிப் பார்க்கிறேன், தினமும்.