சுத்தியலும் எண்ணெயும்

முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். புது மட்டையோடு வரும் பையனை உடனே ஆடவிடமாட்டேன். வில்லோ மரம் மென்மையானது; இழை இறுகாத மட்டையில் வேகப்பந்து பட்டால் விளிம்பு பிளந்துவிடும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் படுக்கவைக்க வேண்டும். பிறகு மரச் சுத்தியலால் ஐந்தாறு மணி நேரம் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, போகப்போகச் சற்றே பலமாக. விளிம்பைச் சாய்வாகத்தான் தட்டலாம். அடிநுனியை நேராக அடிக்கவே கூடாது.

சென்ற ஆண்டு என் அக்கா தன் மகனைப் பறிகொடுத்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "சாமி சோதிக்கிறது பக்குவப்படுத்தத்தான்" என்றார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் மட்டை தட்டும்போது அந்தச் சொல் என்னை உறுத்தியது. அடி மரத்தை இறுக்குவது உண்மைதான். ஆனால் அதற்கு அளவறிந்த கை வேண்டும், இடைவெளி வேண்டும், எண்ணெய் வேண்டும். மொத்த பலத்தையும் ஒரே வீச்சில் இறக்கினால் மட்டை விறகாகிவிடும். அளவுக்கு மீறி அழுத்திய மட்டையிலிருந்து பந்து துள்ளாது. நன்றாகப் பழக்கிய மட்டையும் அடிபட்டு அடிபட்டு ஒருநாள் விரிசல் காணும்.

நான் கடவுளை நம்புகிறவன். துன்பத்தை அவர் கைச் சுத்தியல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எண்ணெயாக இருப்பது நம் வேலை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இழவு வீட்டில் காரணம் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.