வாயைத் திறந்து பார்ப்பது யார் கடன்?

நோய் ஒன்று வந்துற்றால் நம்மவர் இரண்டு விடைகளுள் ஒன்றைக் கூறி அமைந்துவிடுகின்றனர். "எல்லாம் தலையெழுத்து" என்பது ஒன்று. "அவனே தேடிக்கொண்டது" என்பது மற்றொன்று. முன்னது பழமை விரும்பிகளின் விடை. பின்னது படித்தவர்களின் விடை. இரண்டும் வெவ்வேறாகத் தோன்றினும் பயன் ஒன்றே: சொல்லுகின்றவனுக்குக் கடமை ஏதும் இல்லாமற் போகின்றது. இவ்விடைகள் நேரியனவா என்பதை வாய்ப்புற்று நோயை வைத்து ஆராய்வாம்.

உடலினுள் ஒளிந்து வளரும் நோய்களைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். வாய்ப்புற்று அத்தகையதன்று. ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாயை அகலத் திறக்க முடியாமை ஆகிய அடையாளங்கள் கண்ணுக்குப் பிரத்தியட்சமானவை. அவற்றைக் காண ஒரு விளக்கும், நாவை ஒதுக்க ஒரு மரக்குச்சியும், பழகிய கண்ணும், சில நிமிட நேரமுமே வேண்டும். 1996-ஆம் ஆண்டு தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துக்களில் இதனைச் சோதித்தனர். வாயைப் பார்த்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் முடிவு வெளியாயிற்று. அப்பழக்கங்கள் இல்லாதாரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே சிறு பொருளே உள்ள இடத்தில், ஆபத்து மிகுந்தவர் வாயை முதலிற் பார்ப்பதே நியாயம்.

நிற்க, அவ்வாபத்து நம் நாட்டில் யாரைச் சூழ்ந்துள்ளது? மலாயாவில் வெற்றிலையால் வரும் புற்றைப் பற்றி மார்ஸ்டன் என்னும் வைத்தியர் 1960-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1993-94-இல் மலேசியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பு, வாய்ப்புற்றும் அதற்கு முந்திய திட்டுக்களும் இந்தியரிடையே மிகுதி எனக் காட்டிற்று. தோட்டத்து லயங்களை விட்டுக் கிள்ளான் அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களோடு வெற்றிலைப் பெட்டியும் உடன் வந்தது.

"போட்டவன் குற்றந்தானே?" என்பர் சிலர். குற்றம் அறிவின் அளவினது. பெரட்டுக்கு விடியுமுன் ஓடிப் பால்மரம் வெட்டிய அம்மையார், பசியை அடக்கத் தாம்பூலம் தரித்தார்; அதை அவர் கையில் முதலில் வைத்தவர் வீட்டுப் பெரியவரே. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் வெளியிட்டது. அதை வாசிக்கத் தெரிந்தவர் நாம்; வாசித்த பின்னும் கலியாணப் பந்தலில் அதே தட்டை நீட்டுபவரும் நாம். எடுக்க மறுப்பவரை மரியாதை தெரியாதவர் என்கின்றோம். இவ்விருவருள் யார் குற்றம் பெரிது? அன்றியும், கிணற்றில் விழுந்தவனிடம் "கால் இடறியது யார் தவறு?" என்று விசாரித்த பின்னரே கயிறு போடுவோம் என்பவனை எவரும் நீதிமான் என்னார்.

ஆயினும் பார்த்துச் சொல்வதோடு கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. அத்திருவனந்தபுரத்திலேயே ஐயத்துக்கிடமாகக் காணப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 63 பேரே வைத்தியரிடம் சென்றனர். மற்றையோரைத் தடுத்தவை யாவை? நம்மிடையே அவற்றை அறிதல் எளிது: ஒரு நாட் கூலி போகும், பஸ்ஸுக்குக் காசில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு புரியாத மொழியில் இருக்கிறது, கத்தி என்றாலே அச்சம். நோயைக் காட்டிவிட்டு ஆளைக் கைவிடுவது, காட்டாதிருப்பதினும் கொடிது. முன்பு இல்லாத திகிலையும் அது சேர்த்துத் தருகின்றது.

இந்நாட்டுச் சுகாதார அமைச்சின் பல் வைத்தியப் பகுதியார் தோட்டங்களுக்குச் சென்றும் வாயைச் சோதிக்கின்றனர். கைப்பேசியில் வாயைப் படம் பிடித்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பும் 'மெமோசா' என்னும் முறையையும் இங்கேயே ஆக்கியுள்ளனர். கருவிக்கும் கல்விக்கும் குறைவில்லை. குறைவது, கூட நடந்து செல்ல ஓர் ஆள். கிராணிமாரும், ஆசிரியரும், சங்கத்தாரும், கோயில் நிர்வாகத்தாரும் செய்யத்தக்கது இதுவே: திருவிழாவுக்கு வசூலிக்கும்போதே வாய்ச்சோதனைக்கு ஒரு நாள் குறிப்பதும், சீட்டுப் பெற்றவரை மறுவாரம் உடன் அழைத்துச் செல்வதும், சீட்டை வாசித்து அவர் மொழியில் விளக்குவதும், சம்பளம் போகாமல் மேலாளரிடம் பேசுவதுமாம். பந்தலில் பாக்குக்குப் பதில் பழம் வைப்பதால் எவர் தாலியும் இறங்கிவிடாது. தலையெழுத்தென்று நாம் கூறுவனவற்றுட் பல, பிறர் பாராமல் விட்டதனால் நேர்ந்தனவேயாம்.