அறியாமை எதுவரை மன்னிக்கப்படும்?

மரம் நடுவது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நற்செயலும் தீங்காய் முடியக்கூடும் அல்லவா? நோக்கம் நல்லதாயிருந்தால் விளைவுக்கு நாம் பொறுப்பில்லையா? நீலகிரி, பழனி மலைகளின் வரலாறு இக்கேள்விகளை எழுப்புகிறது.

இம்மலைகளின் உயர்ந்த பகுதிகளில் பள்ளத்தாக்குகள்தோறும் சோலைக்காடுகள் அடர்ந்திருக்கும். சரிவுகளில் புல்வெளிகள் பரந்திருக்கும். இரண்டும் பல்லாயிரம் ஆண்டுகளாக அருகருகே நிலைத்தவை. வரையாடு இப்புல்வெளியை நம்பியே வாழ்கிறது. நீலகிரியின் தோதவர் தம் எருமைகளை இங்கேதான் மேய்த்தனர். ஆங்கில ஆட்சியோ மரமில்லா இந்நிலத்தைப் பாழ்நிலமாகக் கருதியது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீகை மரமும் தைலமரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அப்பணி தொடர்ந்தது. தோல் பதனிடப் பட்டை, செயற்கை இழைக்கு மரக்கூழ், அடுப்புக்கு விறகு எனக் காரணங்கள் பல இருந்தன. இவற்றுள் ஒன்றையும் தீய நோக்கம் என்று சொல்லிவிட முடியாது.

விளைவை எடுத்துக்காட்டியது ஆய்வுதான். நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் அடுத்தடுத்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அறிஞர் தேர்ந்தனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972இல் தைலமரம் நட்டனர். இரு ஓடைகளின் நீரையும் ஆண்டுக்கணக்கில் அளந்தனர். முதல் பத்தாண்டுகளில், மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. பழனி மலையிலோ, 1973 முதல் நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வைகைக்கும் அமராவதிக்கும் துணையாறுகளை அனுப்பும் மலை அது. எனவே அங்கே நேரும் இழப்பு சமவெளியில் வாழும் உழவரின் இழப்புமாகும்.

அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கிறது. எவ்வளவு முயன்றும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. அது குற்றத்திலிருந்து ஒருவனை விடுவிக்கும். முயன்றால் நீக்கக்கூடியதாயிருந்தும் நீக்காமல் விட்ட அறியாமை மற்றொன்று, அது விடுவிக்காது. முதன்முதலில் மரம் நட்டவர்களை முதல்வகையில் சேர்த்து நாம் மன்னிக்கலாம். ஆனால், ஓடைநீர் அளக்கப்பட்டு, கணக்கும் வெளியான பின்னர் அந்தச் சலுகை நமக்கு இல்லை. ஆய்வு அறிவைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை. பொறுப்பையும் நம் தோள்மேல் ஏற்றுகிறது. புனித தோமா அக்குவினார் அறநெறிப் பண்புகளுக்குள் விவேகத்திற்குத் தலைமையிடம் அளித்ததன் பொருளும் இதுவே. நன்மையை விரும்பினால் மட்டும் போதாது. உள்ளதை உள்ளபடி அறிந்து செயல்படவும் வேண்டும்.

பரிகாரத்திற்கும் விவேகம் தேவை. அயல்மரங்களை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிடலாம் எனச் சிலர் துடிக்கின்றனர். சீகையின் விதைகளோ மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடப்பவை. வெட்டித் திறந்த நிலத்தில் அவை கூட்டமாய் முளைக்கும். மேலும், பழனி மலையில் அயல்மரங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்வதும் காணப்பட்டுள்ளது. எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை அந்தந்த இடத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களைத் தேடி ஆராய்ந்து, 1999இல் மூன்று பாகங்களாக வெளியிட்டார். அத்தகைய உழைப்பும் இறைவனின் படைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதையே.

ஆயினும், அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை. தோதவர் பாழ்நிலம் என்று ஒருபோதும் எண்ணாத புல்வெளியைப் பிறர் பாழ்நிலம் என்றனர். மரம் நடுமுன் அவர்களின் சொல்லுக்கு மதிப்பளிக்கவில்லை. அளவையாளரின் கருவி பின்னாளில் கண்டதை, மேய்ச்சல்காரர் சிலவேளை முன்பே உணர்ந்திருப்பர். ஆகவே காட்டின் எதிர்காலத்தைத் திட்டமிடும் அவையில் காட்டு மக்களுக்கும் இடம் வேண்டும். அது நாம் காட்டும் இரக்கம் அன்று, அவர்களுக்குரிய நீதி.

நம் பங்குகளிலும் மரம் நடுவிழாக்கள் நிகழ்கின்றன; அவை பெருகட்டும். நடுமுன், இம்மண்ணுக்குரிய மரம் எது, இங்கே முன்பு இருந்தது எது, இதை நம்பி வாழ்பவர் யார் என்று கேட்டறிவோம். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனிடம் ஒப்படைத்த இறைவன், இவற்றைக் கேட்டறியும் கடமையையும் சேர்த்தே ஒப்படைத்தார்.