நோயாளியிடம் கேட்கக்கூடாத கேள்வி

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். முதல் இரண்டை மட்டும் பார்த்தால் கெட்டுப்போன சாப்பாடு என்று நினைக்கத் தோன்றும். மூன்றாவதுதான் விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி. அவர்கள் குடித்த பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற கேள்வி எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இந்தத் தொகை அதிகம் என்று நீதிபதிகளும் கருதினார்கள். தொகையைப் பற்றி வாதாடுவதில் தவறில்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும்போதே வெடித்துச் சிதறியவரின் வீட்டுக்கு அரசு நிவாரணமாக அவ்வளவு கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது: தன் கையாலேயே நஞ்சை வாங்கிக் குடித்தவருக்கு இரக்கம் பெறும் தகுதி உண்டா?

மதங்களுக்கு இது புதிய கேள்வியல்ல. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. இருவருமல்ல என்று சொல்லிவிட்டு அவர் குணப்படுத்தத் தொடங்குகிறார். அந்த மனிதர் நிரபராதி. அதனால் அங்கே பதில் சுலபம். கருணாபுரத்துக்காரர் குடித்தது உண்மை. அவருக்கு என்ன பதில்?

வள்ளுவரிடம் ஒரு பதில் இருக்கிறது. 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையில் குடிப்பவரை நஞ்சு உண்பவர் என்றே அவர் கண்டிக்கிறார், சலுகையே கிடையாது. இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து வருகிறது. அளவு மீறித் தின்பவனுக்கு நோய் வரும் என்று அங்கேயும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். ஆனால் சிகிச்சை என்று வந்ததும் பேச்சு மாறுகிறது. என்ன நோய், அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று பார்க்கச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். நோயாளியின் யோக்கியதையை எடைபோடும் குறள் அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. காரணத்தைத் தேடுவது தணிப்பதற்காக, தண்டிப்பதற்காக அல்ல.

மெத்தனாலின் வேலையைப் பார்த்தால் இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு என்பது விளங்கும். குடித்தவுடனே அது கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது பிறகு ஃபார்மிக் அமிலம் ஆகிறது. அந்த அமிலம், உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்கிறது. பார்வை நரம்பு பெரிதும் அடிபடுகிறது. உயிர் பிழைத்தாலும் சிலருக்கு மூளையின் உட்பகுதி கெட்டு, பார்கின்சன் நோயாளியைப்போல நடுக்கமும் விறைப்பும் வந்துவிடும். இதெல்லாம் தெரியவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் அந்த நொதியை வேறு வேலையில் இழுத்துப் பிடித்துவிட்டால் மெத்தனால் அமிலமாக மாறாது. டயாலிசிஸ் மூலம் வெளியேற்றிவிடலாம். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியை முடக்கும். அது கைவசம் இல்லாத இடத்தில் மருத்துவர்கள் எத்தனால் கொடுக்கிறார்கள். மதுவில் போதை தருவதும் அதே எத்தனால்தான். பல மதங்கள் குடிக்காதே என்று தடுக்கும் பொருளே அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்தாகிறது.

ஆகவே மருத்துவருக்கு வேண்டியது என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்ற தகவல். போலீஸ் வருமே, தெரு பழிக்குமே என்று பயந்த வீட்டிலிருந்து அது வராது. "ஒண்ணுமில்லைங்க, வயித்தாலதான் போகுது" என்ற பதில்தான் வரும். கருணாபுரத்தில் முதல் சாவுகள் நடந்தபோது சாராயம்தான் காரணம் என்று சொல்ல அதிகாரிகளே தயங்கினார்கள். பழிக்குப் பயப்படுவது ஏழைகள் மட்டுமல்ல.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் கலந்த சால்மோனெல்லா கிருமியையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். வயிற்றுப்போக்கு நின்று சில வாரம் கழித்து, சிலருக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கிவிடும், கண் சிவக்கும். எதிர்வினை மூட்டழற்சி என்பார்கள். அவரைப் பார்த்து, நாக்கை அடக்கியிருக்கலாமே என்று யாரும் சொல்வதில்லை. மூட்டை தூக்கியும் சாக்கடை அள்ளியும் உடம்பு வலிக்குக் குவார்ட்டரைவிட மலிவான பாக்கெட்டைத் தேடியவரிடம் மட்டும் ஒழுக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். அந்தப் பாரபட்சத்தைத் தர்மம் என்று சொல்வது அநியாயம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையும் இந்தப் பழியைச் சுமக்கிறது. சாராய மலை என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. மலையில் வெல்ல ஊறல் போடுவது உண்மை. போலீஸ் அதைக் கொட்டி அழிப்பதும் வழக்கமான செய்தி. ஆனால் வெல்ல ஊறலில் இத்தனை உயிரை வாங்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. அது தொழிற்சாலைக் கரைப்பான். விலைக்கு வாங்கிக் கலக்கப்படுவது. அதை விற்றவர்களையும், விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் விசாரிக்க வழக்கு 2024 நவம்பரில் சிபிஐக்குப் போனது. அதற்கு முன்பே, ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனைக்கு எப்படிப் போகிறார்கள் என்று அரசிடம் நீதிபதிகள் கேட்கத் தொடங்கினார்கள்.