சந்தடிக்கு நடுவே சந்நிதி

பெருநகரத்தில் மன அமைதிக்கு இடம் தேடுவது இன்று புதிதாக முளைத்த தேவை அல்ல. வள்ளலார் என்று உலகம் போற்றும் இராமலிங்க அடிகள் வடலூருக்கு உரியவராகவே பலருக்கும் அறிமுகம். ஆனால் 1823-இல் மருதூரில் பிறந்த அவர், குழந்தைப் பருவம் தொட்டு 1858 வரை வாழ்ந்தது சென்னையில், ஏழுகிணறு பகுதியில். அன்றைக்கே அது வண்டிகளும் வியாபாரமும் நெருக்கியடித்த பட்டணம். வீட்டுக்கு அருகில் இருந்த கந்தகோட்டத்து முருகனை அவர் பாடியதே தெய்வமணிமாலை. அது போதாமல், கடலோரத்துத் திருவொற்றியூர் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் அடிக்கடி நடந்து போய் வந்திருக்கிறார். வடிவுடையம்மனைப் பாடிய வடிவுடை மாணிக்க மாலை அந்த நடையில் விளைந்தது. ஒரு ஞானிக்கே அன்றாடம் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஓர் இடம், நடந்து போய்ச் சேரத் தொலைவில் ஓர் இடம் என இரண்டு தேவைப்பட்டன. நகரவாசி இதைக் கவனிக்க வேண்டும்.

கந்தகோட்டம் இன்றும் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. தெருவில் கைவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர், உள்ளே நுழைந்ததும் குளத்தைப் பார்க்கிறார். வெளிச்சத்தம் முழுதாக நிற்பதில்லை. ஆனால் அது தன்னைக் கூப்பிடும் சத்தம் அல்ல என்பது புரிந்துவிடுகிறது. ஆலய அமைப்பே மனத்தின் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கு ஏற்றது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்; காலில் கல்லின் குளிர்ச்சி ஏறும். பிராகாரத்தை வலம் வருபவர் ஓட முடியாது. வெட்டவெளி, மண்டபம், அர்த்தமண்டபம் என்று உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, கருவறையில் ஒரு விளக்கு மட்டும் மிஞ்சும். கண்ணுக்குப் பார்க்க ஒன்றே ஒன்று என்றாகும்போது மனமும் ஒன்றில் நிற்கிறது. சிவாலயத்தில் தரிசனம் முடித்துக் கொடிமரத்தருகே வணங்கிய பின் சிறிது உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம், இந்த இறங்கிய வேகத்தைக் காப்பாற்றத்தான். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கி ஐந்து நிமிடத்தில் வெளியே வருபவர் சுவாமியைப் பார்த்திருக்கலாம். அமைதியைப் பார்த்திருக்க முடியாது.

இடத்தைப் போலவே வேளையும் முக்கியம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பிரதோஷத்தன்று மாலை அமைதியைத் தேடுவது வீண். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதிகளில் நிற்கவே இடம் இராது. அதைக் குறை என்று சொல்லிவிடவும் முடியாது. இத்தலத்துக்குரிய திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகமே மாதந்தோறும் நடந்த விழாக்களை வரிசைப்படுத்துவது. மயிலையின் இயல்பு ஆரவாரம்தான். அதே கோயிலில் விடியற்காலையில் நடை திறந்தவுடன், அம்பிகை மயிலாக வந்து பூசித்ததாகச் சொல்லப்படும் புன்னை மரத்தடியில் உட்காரலாம். அர்த்தசாமப் பூசைக்கு முன், கடைசிக் கூட்டமும் கலைந்த பிறகு, தெப்பக்குளத்தின் பக்கம் நிற்கலாம். கைபேசியை அணைத்து வைப்பவருக்கு இது இன்னும் எளிது.

மயிலாப்பூரிலேயே இன்னொரு வகை அமைதி இராமகிருஷ்ண மடத்தில் இருக்கிறது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸில் தங்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. சென்னை அன்பர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அதே ஆண்டு அவர் அனுப்பி வைத்த துறவி சுவாமி இராமகிருஷ்ணானந்தர். மடம் தொடங்கியது ஐஸ் ஹவுஸில்தான். இன்றைய மடத்தின் பெரிய கோயில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இங்கே அர்ச்சனைச் சீட்டும் கிடையாது, வரிசையும் கிடையாது. வருபவர் தரையில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். பேச்சுக்கு இடமே இல்லை. மாலை ஆரத்தியில் எல்லோரும் சேர்ந்து பாடி முடித்ததும் வருகிற நிசப்தம், யாருமற்ற அறையின் நிசப்தத்தைவிட ஆழமானது.

கோயில்களில் நடை சாத்தியிருக்கும் நண்பகல் நேரம் நகரவாசிக்குச் சங்கடமானது. அலுவலகத்திலிருந்து அரைமணி ஒதுங்க முடிவதும் அப்போதுதான். அந்த வேளையில் சாந்தோம் பேராலயம் கைகொடுக்கும். 1896-இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பிய இன்றைய கட்டடத்துக்குக் கீழே, அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தில் ஒரு சிற்றாலயம் உண்டு. சாலையில் பேருந்து போவது அங்கே கேட்பதில்லை. எச்சமயத்தவரும் வந்து அமைதியாக அமர்கிறார்கள். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தியசாபிகல் சொசைட்டி வளாகம் முழுக்க வேறு. பிளாவட்ஸ்கி, ஆல்காட் முதலியோர் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தச் சபை 1882-இல் அடையாறுக்கு இடம் மாறியது. பல சமயங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே தோப்புக்குள் தனித்தனியே நிற்கின்றன. புகழ்பெற்ற ஆலமரத்தின் நடு அடிமரம் 1989-இல் புயற்காற்றில் விழுந்துவிட்டது. விழுதுகளே மரமாகி நிற்கின்றன. பார்வையாளர் நேரம் குறைவு என்பதால் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வளாகத்தை ஒட்டிய கடற்கரையில்தான் 1909-இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சபையார் கண்டெடுத்து, உலகாசிரியராக வளர்க்க முனைந்தார்கள். அவரோ அதற்கென ஏற்படுத்திய அமைப்பையே 1929-இல் கலைத்துவிட்டார். பின்னாளில் அவர் சென்னையில் தங்கிப் பேசிய வசந்த விஹார் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. 1986 ஜனவரியில் தம் கடைசிப் பொது உரையை அங்கே நிகழ்த்தி, அடுத்த மாதம் மறைந்தார். மரநிழலும் நூலகமும் உள்ள அந்த இடம், சடங்கு எதிலும் மனம் ஒட்டாதவர்களுக்கு ஏற்றது.

சித்தர் சமாதிகள் இந்த வரிசையில் கடைசியாக வந்தாலும் மதிப்பில் குறைந்தவை அல்ல. திருவொற்றியூரில் கடலைப் பார்த்தாற்போல் பட்டினத்தார் சமாதி உள்ளது. பெருவணிகராக இருந்து எல்லாவற்றையும் உதறியவர் வந்து அடங்கிய இடம், துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னை. திருவான்மியூரில் 1929-இல் சமாதியான பாம்பன் சுவாமிகளின் ஆலயம் உள்ளது. அவர் இயற்றிய சண்முக கவசத்தைப் பாராயணம் செய்வோர் தவிர, சாதாரண நாட்களில் அங்கே அதிகம் பேர் இருப்பதில்லை. பௌர்ணமியன்று மட்டும் பெருங்கூட்டம் கூடும். தனித்திருக்க விரும்புவோர் வேறு நாளில் போகலாம்.