உசாத்துணை

மக்கட்பிறவியின் பயன் யாது என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல்கள் நம்மிடையே குறைவின்றி உள்ளன. அவற்றை ஓதி உணர்ந்தாரும், பிறர்க்கு விரித்துரைக்க வல்லாரும் பலர் உளர். அங்ஙனமாகவும், கற்ற அளவுக்கு வாழ்வு திருந்தி நிற்றலை யாண்டும் காண்கின்றிலேம். ஆணவ மலத்தின் இயல்பை ஐயந்திரிபற எடுத்துரைக்கும் ஒருவர், தம் சொல்லை மற்றொருவர் மறுத்தவிடத்துச் சினம் மீதூர நிற்கின்றார். அறிவது ஒன்றும் ஒழுகுவது ஒன்றுமாக இவ்வாறு பிரிவு நேர்தற்குக் காரணம் என்னை? இவ்வினா நம்மனோர் ஒவ்வொருவரையும் தொடுவதாகலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்திற்குரிய படிகளை நம் முன்னோர் நான்காக வகுத்தனர். இவற்றுள் கேட்டல் பலர்க்கும் எளிதில் வாய்க்கின்றது. கேட்ட பொருள் உள்ளத்திற் படிந்து தெளிவாக முதிர்தற்கோ இடையிலே ஒன்று வேண்டப்படும். அஃதாவது, நல்லாரோடு கூடியிருந்து, ஐயம் நிகழ்ந்தவிடத்து வினாவியும், வினாவப்பட்டவிடத்துத் தன் நெஞ்சறிய விடையிறுத்தும் அளவளாவுதல். இதனை உசாவல் என்றும், உசாவுதற்குத் துணையாவாரை உசாத்துணை என்றும் தமிழர் வழங்கினர். இக்காலத்து உசாத்துணை என்னும் சொல் ஆராய்ச்சிக்கு உதவும் நூல்களைக் குறிப்பதாயிற்று. ஆளைக் குறித்த சொல் ஏட்டைக் குறிப்பதாக மாறியமை நம் நிலையையும் ஒருவாறு காட்டுவதாம்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கன் புலமை நிரம்பும் முறையைக் கூறுபடுத்துக் காட்டுகின்றார். ஆசிரியன் உரைத்ததை எத்துணை நன்றாக உளங்கொண்டாலும், அதனால் மாணாக்கனுக்குக் கைவருவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகி உசாவுதலால் மற்றொரு காற்கூறு வந்தெய்தும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலே நிரம்பும். எனவே, நான்கில் மூன்று கூறு பிறரோடு சொல்லாடுதலைச் சார்ந்து நிற்கின்றது. நூற்கல்விக்கே இஃது உண்மையாயின், உயிர்க்கு உறுதிப்பொருளை நாடும் கல்விக்குப் பன்மடங்கு உண்மையாதல் சொல்லாமலே விளங்கும்.

ஆயினும், கூடிப் பேசுவன எல்லாம் உசாவல் ஆகா. நியாய நூலார் உரையாட்டை வாதம், சல்பம், விதண்டை என மூவகையாகப் பகுப்பர். உண்மை காண்டலே கருத்தாகப் பேசுவது வாதம். வெல்லுதலே கருத்தாகப் பேசுவது சல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாது, பிறர் கொள்கையைச் சிதைப்பதொன்றே கருத்தாகப் பேசுவது விதண்டை. புறத்தே நின்று நோக்குவார்க்கு இம்மூன்றும் ஒருதன்மையவாகவே தோன்றும். எடுத்தாளும் சொற்களும் மேற்கோள்களும் ஒன்றாகவே இருத்தல் கூடும். வேறுபாடு பேசுவார் உள்ளத்தின்கண் உள்ளது. தன் கொள்கை பிழையெனக் காட்டப்படின் அதனை விடுதற்கு ஒருப்பட்டு அமர்ந்தவனே வாதத்திற்கு உரியவன். அவ்வொருப்பாடு இல்லாதவன் எத்துணை நுண்ணிய பொருளைப் பேசினும், பேசத் தொடங்குமுன் இருந்த நிலையிலேயே பேசி முடித்த பின்னரும் இருப்பான்.

இவ்வுண்மையை நம் மரபிலே வழங்கும் ஒரு வரலாறு நன்கு விளக்கும். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரிலே மெய்கண்டார் இளமையிலேயே ஞானாசிரியராய் விளங்கினார். அவர்தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதர், ஆகமக் கடலை நிலைகண்டுணர்ந்த முதியவர். தம் வழிபாட்டிற்குரிய குலத்திற் பிறந்த சிறுவர் ஒருவர் மாணாக்கர் சூழ இருந்து பொருளுரைக்கின்றார் என்பது அவர்க்கு ஏற்கவில்லை. செருக்கோடு அவ்வவையிற் சென்று நின்று, ஆங்கு விளக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆணவத்தின் வடிவு யாது என வினாவினார். மெய்கண்டார் வாய்திறந்து ஒன்றும் கூறாது, வினாவியவரையே விரலாற் சுட்டினர் என்பது வரலாறு. பண்டிதர் அக்கணமே தெளிந்து அவ்விளைஞர் அடியில் வீழ்ந்து, அருணந்தி சிவாசாரியர் ஆயினர்.

விடைவகை எட்டனுள் சுட்டு என்பதனை இலக்கண நூலார் முதற்கண் வைப்பர். நெறி யாது என்றார்க்கு இது என்று காட்டுதல் போல்வது அது. ஈண்டு அச்சுட்டு வினாவின் புறத்தே நின்றவரை அதன் அகத்தே இழுத்து நிறுத்தியது. பண்டிதர் அறியாத புதுப்பொருள் எதனையும் அவ்விரல் கற்பிக்கவில்லை. ஆணவத்தின் இலக்கணத்தை அவர் முன்னரே அறிவார். அவ்விலக்கணத்திற்கு இலக்கியம் தாமே என்பது ஒன்றே அறியாதிருந்தார். பின்னர் அவர் தம் ஆசிரியரை நோக்கிய வினாக்களாக 20 பாக்களில் இருபா இருபஃது என்னும் நூலை யாத்தபொழுது, ஆணவத்தின் குணங்களை எட்டாக எண்ணினர். சினமும் மதமும் அவ்வெட்டனுள் அடங்கும். அன்று அவ்வவைக்கு அவரை அழைத்து வந்தவை அவ்விரண்டுமே அல்லவா! வினாவின் புறத்தே நின்றவன் சொல்லை மட்டும் பெறுகின்றான். அகத்தே நின்றவனே வாழ்வைப் பெறுகின்றான். அறிவும் ஒழுக்கமும் பிரிந்து நிற்றற்குக் காரணம் இப்புறநிலையே என்க.

மெய்கண்ட சாத்திரங்களுட் சில வினாவையே வடிவாகக் கொண்டமை இக்கருத்துப் பற்றியே போலும். மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், தத்துவம் யாவை, ஆணவம் யாது, வினை யாது என்பவற்றோடு அமையாது, யான் யார் என்பதனையும் ஆசிரியர்பாற் கேட்டுத் தெளிகின்றது. உமாபதி சிவனார் 1313ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் இயற்றிப் பிறர் கொள்கைகளை ஆராய்ந்து மறுத்தவர். அவரே வினா வெண்பாவின் 13 பாக்களிலே தம் ஆசிரியர் மறைஞான சம்பந்தரை நோக்கித் தம் ஐயங்களைத் தாழ்மையுடன் வைக்கின்றார். பிறர் கூற்றை மறுக்க வல்ல அறிவு தன்பாலும் ஐயத்தை நிகழ்த்த வல்லதாயின் அன்றோ முழுமையுறும்!

இது நம் நாட்டிற்கே உரியதன்று. யவன தேயத்து ஏதென்சு நகரில் வாழ்ந்த சாக்கிரட்டீசர் நூலொன்றும் எழுதினாரல்லர். நகரத்தாரோடு உசாவுதலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர். அவர்தம் அன்னையார் மருத்துவிச்சி. தாமும் பிறர் உள்ளத்திலுள்ள கருத்து வெளிப்படுதற்கு உதவும் மருத்துவிச்சியே என்று அவர் கூறியதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். கி.மு. 399இல் அவர்க்குக் கொலைத்தண்டம் விதிக்கப்பட்டது. நண்பர் கிரீட்டோ சிறையினின்றும் தப்புதற்கு வழி வகுத்து வந்து வேண்டினர். தப்பிச் செல்லுதல் அறமாகுமா என்பதனையே அவர் அந்நண்பரோடு அமைதியாக உசாவினர். அறமன்று எனத் தெளிந்து, சிறையிலேயே இருந்து நஞ்சினை உண்டனர். சமய உண்மையில் அவர் கொள்கையும் நம் கொள்கையும் வேறாகலாம். வினாவின் விடை தம் உயிரையே விலையாகக் கேட்டபொழுதும் அதன் புறத்தே போகாது நின்றமை எந்நாட்டார்க்கும் பாடமாம்.

ஈண்டு ஒரு தடை நிகழும். உரையுணர்விறந்த பொருளை உரையாடி அடைதல் எங்ஙனம்? கல்லாலின் புடையமர்ந்த பெருமான் சனகர் முதலிய நால்வர்க்கும் மோனத்தாலன்றோ உண்மையை உணர்த்தினன் எனின், கூறுதும். அம்மோனமும் வினாவிய நால்வர்க்கே விடையாயிற்று. அவர் கற்று, ஐயுற்று, நெஞ்சம் கனிந்து வந்து கேட்டனர். பக்குவமுறாத உள்ளத்தார்முன் மோனம் வெறுஞ் சொல்லின்மையாகவே முடியும். பிரச்சினோபநிடதத்திலும், வினாவோடு வந்த அறுவரையும் பிப்பலாத முனிவர் ஓராண்டு தவத்தோடு தம்பால் உறைந்து, பின்னர் விரும்பியவாறு வினாவுமாறு பணித்தனர். வினாவுக்கு உரியனாதலே விடையிற் பாதி என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின், உசாத்துணையாவார் யாவர்? பெரும்புலவராதல் ஒருதலையன்று. யாஞ்ஞவற்கியர் தம் பொருளைப் பகுத்தளித்துத் துறவு மேற்கொள்ளக் கருதியபொழுது, மனைவியாராகிய மைத்திரேயியார், பொருள் நிறைந்த இவ்வுலகம் முழுதும் பெறினும் யான் அதனால் இறவாநிலை எய்துவேனோ என வினாவினர். பொருட்பங்கீடாகத் தொடங்கிய பேச்சு அவ்வொரு வினாவால் ஆன்ம விசாரமாயிற்று. ஆகலின் அத்துணை இல்லத்திலும் இருத்தல் கூடும். நம்மினும் இளையராகவும் இருத்தல் கூடும். நம் பிழையை நம்முன்னர் அன்புடன் சுட்டவும், தம் பிழையை நாம் சுட்டியவிடத்து முகம் வாடாது ஏற்கவும் வல்லாரே அத்துணைக்கு உரியர். நாம் கூறுவன அனைத்தையும் உடன்படுவாரோடு பேசுதல் இனிதே; அவ்வினிமை நம்மை இருந்த இடத்திலேயே இருத்திவிடும்.

அன்பர்காள்! நம் சபைகளும் கூட்டங்களும் மேற்கோள்களாற் குறைவுற்றன அல்ல. ஒரு பொருளை ஆராய்ந்து முடித்தபின், யார் கொள்கை நின்றது என நோக்குதலினும், இதனால் என்பால் மாறவேண்டுவது யாது என ஒவ்வொருவரும் தம்மை வினாவிக்கொள்ளுதல் பயன் தரும். அவ்வினாவோடு கூடிய சிறு உரையாடல், அஃதில்லாத பெரும் புலமையினும் மேலானது. அருணந்தியார்க்கு வாய்த்த விரல் நமக்கும் ஒருநாள் ஏதேனும் ஒரு வாயிலாக நீட்டப்படும். அதனைக் கண்டு வெகுளாது, அது சுட்டும் இடத்தை நோக்கும் திறம் நமக்கு வாய்க்கத் திருவருள் துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்.